காத்தாயி முடிக்கும் வரை

திருமானூர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்த சாந்தாவை, 1949-இல் திடீரென்று வழிகாட்டி ஆக்கிவிட்டார்கள். முதியோர் வகுப்பு நடத்தப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பக்கத்துணையாக இருந்து, பாடம் நடத்தப் பழக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்காக அரியலூரில் பத்து நாள் பயிற்சி. பத்து நாளும் சாந்தா கை வலிக்க ஒரு நோட்டு நிறைய எழுதினாள். ஊருக்கு வந்து புரட்டிப் பார்த்தால், வழிகாட்டி என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம், குறுக்கே பேசக்கூடாதாம். தப்பைத் திருத்த வேண்டுமாம், ஆனால் மனசு நோகக்கூடாதாம். பிறகு எந்த வாயால்தான் திருத்துவது? கேட்கலாமென்றால் கேட்கவும் ஆளில்லை.

அவள் பொறுப்பில் வந்தவள் இருசம்மாள். கொள்ளிடக் கரையோரத்தில் நடவு வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண், ஐந்தாவது வரை படித்தவள், வயது இருபத்திரண்டு. தன் தெருப் பெண்கள் பதினான்கு பேரைச் சேர்த்து, அவர்கள் வயலிலிருந்து திரும்பியதும் சாயங்காலம் நாலு மணிக்குக் கீற்றுக் கொட்டகையில் வகுப்பு நடத்தினாள். மாதக் கடைசியில் அதிகாரி வருவார். பத்துப் பேராவது நாலு வரி வாசித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். இருசம்மாள் மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டியதுதான்.

சாந்தா மூன்று தடவை போய் உட்கார்ந்தாள். மூன்று தடவையும் ஒரே கூத்து. யாரை வாசிக்கச் சொன்னாலும் எழுந்து நின்று, முன்வரிசையில் இருந்த காத்தாயியைப் பார்த்தார்கள். காத்தாயிக்கு ஐம்பது வயதிருக்கும். புத்தகத்தில் விரலை ஊன்றி இரண்டாவது சொல்லிலேயே திணறிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வாயில் கொழுக்கட்டைதான்.

"நேத்து எல்லாரும் கடகடன்னு வாசிச்சாங்க டீச்சர், சத்தியமா!" என்றாள் இருசம்மாள், கண் கலங்க.

அவள் பொய் சொல்லவில்லை. மூன்றாம் தடவை சாந்தா கொட்டகையை நெருங்கும்போதே, வகுப்பில் ஒருத்தியான பொன்னாயி ஒரு பக்கத்தைத் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பது காதில் விழுந்தது. அப்போது காத்தாயி இன்னும் வந்திருக்கவில்லை. உள்ளே எல்லோரும் உட்கார்ந்த பிறகு அதே பொன்னாயிக்கு அதே பக்கம் தெரியவில்லை. என்னைப் பார்த்துப் பயமா? இல்லை, எல்லோருமாகச் சேர்ந்து என்னை ஆழம் பார்க்கிறார்களா? சாந்தாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

குழம்பிய மனசோடு நோட்டைத் திறந்தாள். மெல்லக் கற்பவர்களைத் தனியே அமர்த்துக என்று ஒரு வரி இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"காத்தாயியப் பின்னால தனியா உக்கார வையி. நல்லா வாசிக்கிறவங்கள முன்னால கொண்டா," என்றாள்.

இருசம்மாள் தயங்கினாள். "அது சரிப்பட்டு வருங்களா டீச்சர்?"

"நோட்டுலயே இருக்கு."

சொன்னபடி செய்தாள். மறுநாள் கொட்டகைக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதிகாரி வர ஆறு நாள்தான் இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று சாந்தாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் எங்கே தவறினோம் என்பது மட்டும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருசம்மாளைக் கூட்டிக்கொண்டு வயலுக்கே போனாள். வரப்பில் நின்று, "வகுப்புக்கு வாங்க, நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன் போலருக்கு," என்றாள். யாரும் நிமிரவில்லை. காத்தாயி மட்டும் நிமிர்ந்தாள்.

"எனக்கு எழுத்து வரலன்னீங்களாமே. எறங்குங்க டீச்சரம்மா, ஒங்களுக்கு நடவு வருதான்னு பாப்போம்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாந்தா இறங்கினாள். அவள் ஊன்றிய நாற்றெல்லாம் மிதந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் நகரவில்லை. தங்கள் பங்கை முடித்தவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சாந்தா முடிக்கட்டும் என்று அப்படியே நின்றார்கள். பக்கத்தில் இருந்த பொன்னாயி சத்தமில்லாமல் அவள் பங்கில் நாலு நாற்றைச் சேர்த்து ஊன்றினாள்.

இருசம்மாள் வரப்பிலிருந்தே சொன்னாள்: "காத்தாயி பெரியம்மா மொத நாத்து ஊனாம யாரும் ஊன மாட்டாங்க டீச்சர். ஒருத்தர வுட்டுட்டு வரிசை நகராதுங்க. வாசிக்கிறதும் அப்புடித்தான், பெரியம்மா இருக்கையில அவங்க முடிக்காம யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"இத ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"நீங்க படிச்சவங்க. பள்ளிக்கூடத்துல வேற மொறை இருக்கும்னு நெனச்சேன்."

சாந்தா முழங்கால் சேற்றில் நின்றபடி அழுதாள். மறுநாள் பதினான்கு பேரும் வந்தார்கள். காத்தாயி முன்வரிசைக்குத் திரும்பினாள்.

அதிகாரி வந்த அன்று காத்தாயி முதலில் எழுந்தாள். முதல் வரிக்கே வியர்த்துவிட்டது. இரண்டாவது வரியில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "போதும், அடுத்த ஆள்."

ஒருவரும் எழவில்லை.

"அவங்க முடிக்கட்டுங்க சார்," என்றாள் இருசம்மாள்.

அதிகாரி சாந்தாவின் பக்கம் திரும்பினார். "இதுதான் நீங்க பழக்கிக் குடுத்ததா?"

ஆமாம் என்பதா, இல்லை என்பதா? "இல்லீங்க சார். நான் சொல்லிக் குடுத்தது வேற. அதுல வகுப்பே கலைஞ்சுபோச்சு," என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

அதற்குள் காத்தாயி நாலாவது வரியை முடித்திருந்தாள். பிறகு பொன்னாயி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் என்று பன்னிரண்டு பேர் மடமடவென்று வாசித்துத் தள்ளினார்கள். அதிகாரி வருகைப் புத்தகத்தை வாங்கிப் பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

சாந்தா ஒரே பார்வையில் படித்துவிட்டாள். மூடப் போனவளின் கையைக் காத்தாயி பிடித்துக்கொண்டாள். புத்தகத்தை மடியில் வைத்து விரலை ஊன்றினாள்.

"இரு...சம்...மாள்... வகுப்பு... தொட...ர...லாம்."

கொட்டகையே ஆரவாரித்தது. அவள் கையமர்த்திவிட்டு அடுத்த வரிக்கு வந்தாள். "வழி...காட்...டி..." அங்கே நெடுநேரம் நின்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சாந்தாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். "தே...வை... இல்...லை."

விரலை எடுக்காமலே காத்தாயி நிமிர்ந்தாள். "யாரத் தேவையில்லங்கறான் இந்த ஆளு?"

"என்னையத்தான்," என்றாள் சாந்தா.