சுழி இல்லாத கையெழுத்து

உ

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எழுதினால் படித்தவர்கள் மூடத்தனம் என்பார்கள். பக்தியுள்ளவர்கள் ஒன்றைப் பத்தாக்கி அற்புதம் என்பார்கள். இரண்டுக்கும் பயந்துதான் பேனாவை மூடி வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டும் தெரியும்.

மலையேறி வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது ஒன்று உண்டு. இங்கே நான்தான் நான் என்று என் கை சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார், "முத்தையா மகன்தானே" என்பார், அதோடு சரி. தேவிகுளத்துத் தேயிலைக் காட்டில், மஞ்சு இறங்கினால் எதிரில் வருகிறவனே தெரியாத இடத்தில், அப்பா பெயரைச் சொல்லி என்ன ஆகும்? என் மகள் பிறந்த மாதம் பேங்கில் கணக்குத் தொடங்கினேன். ஒரு அட்டையில் கையெழுத்து வாங்கி இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். வெற்றுத் தாளில் பேனா பட்டால் முதலில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழேதான் பெயர். சின்ன வயசிலிருந்து பழகின கை, அன்றைக்கும் தானாகப் போட்டது. அதன்பின் பணம் கட்டத்தான் போனேன், எடுக்கப் போனதில்லை.

அப்புறம் அம்மா செத்துப்போனாள். மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடந்ததால் தந்தியே பிந்தி வந்தது. ஒரே மகன் நான். கொள்ளி வைக்கக் கொடுத்து வைக்கவில்லை, சித்தப்பா மகன் வைத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்ச் சேர வேண்டும். பாதை திறந்ததும் போடி பஸ் மத்தியானம் கிளம்பும் என்றார்கள். சம்பளத்துக்கு முந்தின வாரம், எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருத்தர் கையிலும் காசில்லை, பேங்கில் கட்டினதை எடுப்பதுதான் வழி. அடுத்த வீட்டு ஞானப்பழம் அண்ணாச்சி, நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரர், டீ ஃபாக்டரியில் வேலை, அவருக்கும் அந்த பேங்கில் கணக்கு உண்டு, துணைக்கு வந்தார்.

கவுண்டரில் இருந்த மலையாளத்துக்காரர் என் சீட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "இது நிங்ஙளுடெ ஒப்பல்ல" என்றார். கையெழுத்தைத்தான் ஒப்பு என்கிறார்கள். என் கைதான் சார் என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் கையைப் பார்க்கவே இல்லை. இன்னொரு சீட்டு தந்தார். அழுத்தி எழுதினேன். மறுபடி ஒரு சீட்டு. அதிலும் எழுதினேன். மூன்றும் ஒத்துவரவில்லை, இனி எழுத விடக்கூடாது, கணக்கை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்லி எல்லாவற்றையும் மானேஜரிடம் கொண்டுபோனார். என் பணம், என் பெயர், என் கை. மூன்றும் ஒன்றையொன்று தெரியாது என்கின்றன. வெளியே பஸ் ஆரன் அடித்தது.

மானேஜர் எங்களை உள்ளே கூப்பிட்டார். அட்டையை எங்கள் பக்கம் திருப்பாமலே, "மேலே ஒண்ணு உண்டல்லோ, அது எவிடெ?" என்றார். மேலே இருந்த ஒன்று எங்கே என்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவுச் சேதி எழுதுகிற கடிதாசியில் சுழி போட மாட்டோம். தீட்டு கழியாத கையால் போடுவதும் இல்லை. யாரும் சொல்லாமலே என் கை அதை விட்டுவிட்டிருக்கிறது. பிள்ளையார் இல்லாமல் வந்த என்னை அந்த இரும்பு அலமாரி யாரென்றே தெரியாது என்றுவிட்டது!

கவுண்டர்காரர் பேனாவை நீட்டினார். ஒரு கீற்றுதானே, போட்டால் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றார். பேனாவை வாங்கினேன். போடாவிட்டால் அம்மாவுக்கு மகன் கையால் எள்ளும் தண்ணீரும் இல்லை. போட்டால், அவளுக்காக இருக்கிற தீட்டையே நான் பொய்யாக்குகிறேன். பேனாவைக் கீழே வைத்தேன். "முடியாது சார். அம்மா தவறிட்டா."

"உம்ம பிள்ளையாரு இந்த ஆபீஸ்ல மானேஜருக்கும் மேல போலிருக்குவே" என்று அண்ணாச்சி என் காதில் முனகினார். அவர் கண் கலங்கியிருந்தது.

மானேஜர் என்னையே பார்த்தார். "புலயாணோ?" என்றார். தீட்டுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. ஆமாம் என்றேன். பிறகு அவரே எழுந்து புது அட்டை ஒன்றை எடுத்து வந்து வைத்தார். "இப்போ உள்ளதுபோலெ எழுது. எழுதான் பாடில்லாத்தது எழுதண்டா." எழுதக் கூடாததை எழுத வேண்டாம். இவர் என்னை அறிவார் என்று கீழே அண்ணாச்சி சாட்சி போட்டார். பழைய அட்டையின் குறுக்கே கோடு போட வந்த மானேஜர், சுழியின் மேல் பேனா படாமல் பெயரில் மட்டும் கோடு போட்டதை நான் கண்ணால் கண்டேன். பணம் கைக்கு வந்தது, பஸ் எனக்காக நிற்கவில்லை. அண்ணாச்சி ஏற்பாடு செய்த ஏலக்காய் லாரியில் போடிக்கு இறங்கினேன். காரியம் என் கையால்தான் நடந்தது.

லயத்தில் இப்போது பிள்ளையார் கனவில் வந்து இரும்பு அலமாரியைத் திறந்தார் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். அலமாரியைத் திறந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட மானேஜர் என்கிற ஒரு மனுஷர். அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கூட்டாமல் குறைக்காமல் இப்படியே அடுத்தவருக்குச் சொல்லுங்கள். படி எடுத்தால் தாளின் தலையில் நான் போட்டிருக்கும் சுழியையும் சேர்த்து எடுங்கள். தீட்டுக் கழிந்து எத்தனையோ வருஷமாயிற்று. ஊருக்கு எழுதும் கடிதாசிக்கெல்லாம் சுழி உண்டு. அந்த பேங்கில் மட்டும் புது அட்டைப்படிதான் போட வேண்டும். அங்கே போகும்போதெல்லாம் பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். இந்த மலையின் இரும்பு அலமாரிக்குள் நான் இன்னும் அம்மாவுக்குக் காரியம் முடிக்காத மகன்தான்.