ரெங்கசாமி பிடுங்கிய கடிகாரம்

யாங்கோன் பசுந்தாங்கில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் குடியிருக்கும் ரெங்கசாமி, தன் வாழ்நாளில் ஒரு ரிப்பேர்காரனையும் வீட்டு வாசலை மிதிக்க விட்டதில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்லுவார். அந்தப் பெருமையோடு குடித்தனம் நடத்தியவள் அவர் மனைவி வேலம்மா. மின்விசிறியை ஒன்றில் வைத்தால் சூறாவளியாகச் சுழலும், மூன்றில் வைத்தால் முக்கி முனகும். இஸ்திரிப் பெட்டியைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும். குளியலறையில் தண்ணீர் வர வேண்டுமானால் சமையலறைக் குழாயை மூட வேண்டும். ஏதாவது கேட்டால், "ஓடுதா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்பார். ஓடத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த வரைக்கும் இந்தக் கைவேலை ஞாயிற்றுக்கிழமையோடு நின்றது. ஆலையை மூடினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. டீக்கடையில் அவரை 'சயா' என்று கூப்பிடுவார்கள். பர்மியர்கள் வாத்தியாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், வைத்தியரையும் அப்படித்தான், மெக்கானிக்கையும் அப்படித்தான். இவரை எந்த வகையில் கூப்பிடுகிறார்கள் என்று இவர் விசாரித்ததில்லை.

ஆலை மூடிய பின் அடுப்பு எரிந்தது வேலம்மாவின் ரவை கேக்கால்தான். சன்வின் மகின் என்று ஊரே விரும்பிச் சாப்பிடுகிற பண்டம் அது. ரவையைத் தேங்காய்ப் பாலில் கிளறி, கசகசா தூவி, மேலே நெருப்புப் போட்டுச் சிவக்க வைக்க வேண்டும். தட்டுக்குத் தட்டு மூடிமேல் கரியை அள்ளிக் கொட்டி, கண்ணெல்லாம் எரிந்து, வாரத்துக்கு இரண்டு தட்டுக்கு மேல் அவளால் முடியவில்லை. அப்போதுதான், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு ஜப்பான்காரர் வீட்டு ரேஞ்சு கைக்கு வந்தது. மேலே கேஸ் அடுப்பு, கீழே கரண்டு ஓவன், முகப்பில் பச்சை எழுத்தில் ஒரு கடிகாரம்.

அந்த வீட்டில் சமையல் பார்த்து, ரேஞ்சை விற்றுக் கொடுத்த சாயிமா நல்ல மனுஷி. "கரண்டு போயிட்டு வந்தா நாலு பூஜ்யம் மினுக்கும்க்கா. மணிய வெச்சிட்டுத்தான் ஓவனப் போடணும். இல்லாட்டி சூடு ஏறாது" என்று சொல்லி, எந்தப் பொத்தானை அமுக்குவது என்றும் காட்டிக் கொடுத்தாள். வேலம்மா அப்படியே செய்தாள். கேக்கும் பொன்னாகச் சிவந்தது. கீழ்வீட்டு நூர் பீவி ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு, மகள் நிக்காஹுக்கு வருகிற அத்தனை பேருக்கும் கேக்கு வேலம்மாதான் என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டு விசேஷத்தில் தின்றவர்கள் நாலு பேர் மறுபடி கேட்டால் போதும், பிழைப்புக்கு வழி பிறந்துவிடும். வேலம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ரெங்கசாமிக்குத்தான் பொறுக்கவில்லை. கரண்டு போவதும் வருவதுமாக இருக்கிற ஊரில், ஒவ்வொரு தடவையும் பெண்டாட்டி போய் அடுப்புக்கு மணி சொல்லிக்கொண்டிருப்பதா? "மணிய மறந்துபோற கடியாரம் கெட்டுப்போன கடியாரம்தான். இத மாத்தணும்" என்றார்.

"கெட்டுப்போகலீங்க. அது அப்படித்தானாம், சாயிமா சொன்னாங்க."

"விக்கிறவ வேற என்ன சொல்லுவா?"

அதற்கு மேல் யார் பேச முடியும்? திருப்புளி வந்தது. வேலம்மா டார்ச் பிடித்தாள். அவர் கடிகாரத்தைக் கழற்றி, அதே அளவில் வேறொன்று தேடி வாங்கி வந்து மாட்டினார். சாயங்காலம் கரண்டு போய் வந்தது. புதிதும் நாலு பூஜ்யத்தை மினுக்கியது. "டூப்ளிகேட்டக் குடுத்து ஏமாத்திட்டான்" என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு அதையும் பிடுங்கினார். பிடுங்கிய கையோடு, கடிகாரத்துக்குள் போய் வந்த இரண்டு தடித்த ஒயர்களை நேராக முறுக்கி டேப்பைச் சுற்றினார். ஓவன் உடனே சூடானது. முகப்பில் ஓட்டை தெரிந்தது. அதில் பேட்டரி போட்ட பிளாஸ்டிக் கடிகாரம் ஒன்றை ஒட்டினார். "இனிமே கரண்டு போனாலும் மணி ஓடும், வந்தாலும் ஓவன் தானா ஓடும்" என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

தானாக ஓடும் என்பதில்தான் வினை இருந்தது. யாங்கோனில் கரண்டு போனால் யாரும் ஸ்விட்சை அணைப்பதில்லை. தண்ணி மோட்டார், பிரிட்ஜ், விளக்கு எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். கரண்டு வந்த நிமிஷமே ஓட வேண்டுமே. அந்த வீட்டில் மறுபடி ஓடும் முன் மனுஷியைக் கேட்ட ஒரே சாமான் அந்தக் கடிகாரம்தான், அதைத்தான் மனுஷன் பிடுங்கிப் போட்டார்.

நிக்காஹுக்கு முதல் நாள் காலையில் தட்டுகளை ஓவனில் அடுக்கிவிட்டு, கசகசா போதாமல் மிங்கலா மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள் வேலம்மா. "மேல சிவந்ததும் அணைச்சிருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் பஸ் ஏறுவதற்குள் கரண்டு போயிற்று. இருட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஆறிப்போன ஓவனைப் பார்த்துக்கொண்டிருக்க ரெங்கசாமிக்கு என்ன தலையெழுத்தா? கதவைப் பூட்டிக்கொண்டு டீக்கடைக்கு இறங்கினார். சூட்டுக் குமிழ் உச்சியில் நின்றது. கொஞ்ச நேரத்தில், மின்வாரியம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கரண்டு வந்தது. தெருவே வழக்கம்போல் "மீ லாபீ" என்று கத்தியது, வெளிச்சம் வந்துவிட்டது என்று. டீக்கடையில் எல்லோரையும் விட உரக்கக் கத்தியவர் ரெங்கசாமி. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு டீயும் சொன்னார்.

வேலம்மா பையோடு மாடியேறும்போது மூன்றாவது மாடியிலேயே கருகல் வாடை மூக்கைத் துளைத்தது. நூர் பீவி முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு படியில் நின்றாள். பின்னாலேயே ரெங்கசாமி மூச்சு வாங்க ஓடிவந்து பூட்டைத் திறந்தார். உள்ளே ஒரே புகை. தட்டுகளில் இருந்தது கரி. அவ்வளவு தேங்காய், அவ்வளவு ரவை, நாளைக் காலையில் நிக்காஹ்.

ரெங்கசாமி ஜன்னலைத் திறந்துவிட்டு, ஓவனுக்குள் எட்டிப் பார்த்தார். "பாத்தியா, என்ன சூடு. முன்ன இவ்வளவு சூடு வருமா?" என்றார்.

வேலம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஓவனின் பிளக்கைப் பிடுங்கினாள். சூடு ஆறுமட்டும் தேங்காய் துருவினாள். பிறகு பிஸ்கட் டப்பாவில் கிடந்த பழைய கடிகாரத்தையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏ, ஷாக் அடிக்கும். தள்ளிக்க" என்றார் ரெங்கசாமி.

"பிளக்கப் புடுங்கிட்டேன். நீங்க என்னிக்காச்சும் புடுங்கிட்டு வேலை பாத்திருக்கீங்களா?"

அவர் யோசித்தார். யோசிக்கிறவரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. டேப்பை உரித்து, முறுக்கைப் பிரித்தாள். எந்த ஒயர் எந்தக் காலில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். டார்ச் பிடித்து நிற்கிறவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? ஒவ்வொன்றாகச் செருகி, இழுத்துப் பார்த்து, திருகுகளை முடுக்கினாள். ஒட்டுக் கடிகாரம் குப்பைக்குப் போயிற்று. பிளக்கைப் போட்டதும் நாலு பூஜ்யம் மினுக்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மணியை வைத்தாள். ஓவன் சூடேறியது.

அன்று கரண்டு போனபோதெல்லாம் குமிழை அணைத்தாள், வந்தபோதெல்லாம் மணி வைத்தாள். மறுநாள் காலையில் ஒரு தட்டு குறையாமல் நூர் பீவி வீட்டில் இறக்கினாள்.

நிக்காஹ் முடிந்து எல்லோர் கையிலும் கேக்கு இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா பர்கத்துல்லா வாயில் போட்டுக்கொண்டே, "கரண்டு இல்லாத ஊர்ல எப்படிம்மா இம்புட்டும் சுட்ட?" என்று கேட்டார்.

"ஓவன்ல ஒரு கோளாறு இருந்துச்சு. பிரிச்சு மேஞ்சு சரி பண்ணிட்டோம்ல" என்று ரெங்கசாமி முந்திக்கொண்டு, லுங்கியை இழுத்துக் கட்டினார்.

சபையில் புருஷனை மறுத்துப் பேசி வேலம்மாவுக்குப் பழக்கமில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"இவரு சரி பண்ணது நேத்துக் கரியாப் போச்சுங்க. நீங்க சாப்பிடுறது, நான் சரி பண்ணதுல சுட்டது."

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் ரெங்கசாமியும் சிரித்தார். வேலம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.