தீபாவளி வேட்டியும் டிராக்டர் டானிக்கும்

பழைய வண்டி வைத்திருக்கிற யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் கடைசியில் பேச்சு அந்த டின்னில் வந்து நிற்கும். என்ஜின் ஆயிலோடு கலந்து ஊற்றுகிற டானிக் என்று கடையில் விற்கிறானே, அதை ஊற்றினால் ஓடித் தேய்ந்த வண்டி இன்னும் கொஞ்ச நாள் உழைக்குமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். டிராக்டர் ஓட்டியது அவர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த டின்னால் வந்த சண்டையில் இரண்டு பக்கமும் தூது போய் வாய் வலித்தவள் நான்.

சண்டை என் மாமனாருக்கும் என் வீட்டுக்காரருக்கும். அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு டிராக்டர்.

பாபநாசத்துக்குக் கொஞ்சம் தெற்கே எங்கள் ஊர். மாமா பண்ணையில் கூலிக்கு உழுதவர், சங்கத்துக் கொடி பிடித்தவர். நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பு ஒரு வருஷம், உழவு நேரத்தில், கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பண்ணையார் அசரவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் நிலம் உழாதா என்று தஞ்சாவூரிலிருந்து புத்தம் புது டிராக்டரைக் கொண்டுவந்து இறக்கினார். பின்னாலேயே போலீஸ் வேனும் வந்தது. வாய்க்கால் மதகடியில் வண்டி வயலுக்கு இறங்கப் போகிற நேரம், மாமா தோளில் கிடந்த துண்டை விரித்து அதன் முன்னால் மல்லாந்து படுத்துவிட்டார். முன்சக்கரம் அவர் விலாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றதாம். நாலு போலீஸ்காரர்கள் சேர்ந்து தூக்கி வேனில் போட்டார்கள். இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா? எந்த இடத்தில் தொண்டையைச் செருமுவார் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம்.

பிறகு காலம் மாறியது. நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணை நிலம் பிரிந்தது. மாமாவுக்கும் பட்டாவோடு கொஞ்சம் வயல் வந்தது, அதுவும் அதே மதகடியில். பண்ணை வீட்டார் மெட்ராசுக்குக் குடிபோனார்கள். டிராக்டர் மட்டும் பண்ணைக் களத்துமேட்டுக் கொட்டகையில் வைக்கோல் தூசியோடு கிடந்தது. லாரியில் கிளீனராகப் போய் டிரைவராகத் திரும்பி வந்த என் வீட்டுக்காரர் ஒருநாள் அதையே விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, மாப்பிள்ளை ஊர்வலத்தில் கூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

மாமா வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். பிள்ளை எதிரே நிற்க, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"என் நெஞ்சுக்கு நேரா வந்த வண்டிம்மா இது. இதோட சக்கரம் என் வயல்ல இறங்காது. இதை ஓட்டுறவனோட எனக்குப் பேச்சும் கெடையாது."

சொன்னபடியே செய்தார். ஒரே வீடு, ஒரே உலை, ஆனால் பேச்சு முழுக்க என் வழியாகத்தான். குழம்பில் உப்புக் கூடிப்போனால்கூட, உன் புருஷன்கிட்ட சொல்லும்மா, உப்பு கரிக்குது என்பார். சமைத்தவள் நான் எதிரே நிற்பேன். இவர் முதலில் எல்லாம் அப்பா, அப்பா என்று பின்னாலேயே போய்ப் பார்த்தார். மாமா காதில் விழாத மாதிரி வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டிருப்பார். அப்புறம் இவரும் என்னையே தூது விட ஆரம்பித்தார். இப்போது சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, இவருக்கு உள்ளே அறுத்துக்கொண்டுதான் இருந்தது. ஊரில் எல்லார் வயலையும் உழுவார், சொந்த வயலில் மட்டும் மாமா வாடகை மாடு கட்டி உழுவதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வருவார். வந்து சோற்றில் கை வைக்கும்போது, அப்பா இன்னைக்கு ஏதும் சொன்னாரா என்று கேட்பார்.

வண்டியோ வயசானது. என்ஜின் எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று காட்டுகிற முள் எப்போதோ நின்றுபோயிருந்தது. கிளம்பினால் நீலப் புகை கக்கும், ஊற்றுகிற ஆயிலை எல்லாம் குடிக்கும். அது படுத்துவிட்டால் மாமா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் பேசமாட்டார் என்று இவருக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் கும்பகோணம் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு டின்னைக் கையில் கொடுத்து, கெழட்டு என்ஜினும் கொமரியாட்டம் ஓடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவரும் பத்தியமான மருந்து மாதிரி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

பொய் சொல்லக்கூடாது, ஊற்றியதும் குணம் தெரிந்தது. சத்தம் அடங்கியது, புகை குறைந்தது. இவர் தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டினார். கொஞ்ச நாளில் புகை பழையபடி வந்தது. அடுத்த டின் வாங்கினார். இது வேறு மாதிரி, தேன்பாகு போல இழுத்தது. புகை இன்னும் நன்றாகவே அடங்கியது. ஆனால் மார்கழிக் குளிரில் செங்கல் ஏற்றப் போகவேண்டிய ஒரு காலையில், உள்ளே ஆயில் கெட்டிப்பட்டு என்ஜின் சுற்றவே மாட்டேன் என்றது. தெருவே சேர்ந்து தள்ளிக்கொண்டு போய் வாய்க்கால் கரை இறக்கத்தில் உருட்டிவிட்டோம். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளினேன். மாமா பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, திருவிழாத் தேர் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. டானிக் ஊற்றுகிற தைரியத்தில் இவர் ஆயில் மாற்றுவதையே விட்டுவிட்டார். அதான் மருந்து போய்க்கிட்டிருக்கே, மாத்துறதுக்கு என்ன அவசரம் என்பார். நான் ஒருதரம் கேட்டதற்கு, உனக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்றார். அன்றைக்கு அவருக்கு மோர் ஊற்றவில்லை.

ஆவணி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு ஓடியது. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நடவுக்கு வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்டவேண்டும். சேற்றில் இறங்குகிற இரும்பு கேஜ் வீலை மாட்டின என் வீட்டுக்காரர், இருட்டுகிறவரைக்கும் கழற்றவில்லை. அப்படி ஒருநாள் பொழுது சாய வந்து, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். தாரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. துடைத்துப் போட்டுவிட்டு, துண்டில் சுற்றி வைத்திருந்த டின்னை எடுத்தார்.

மரத்தடியிலிருந்து மாமா என்னைக் கூப்பிட்டார். அது என்ன என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். டானிக் என்றார் இவர். சொன்னேன். மூன்று பேரும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறோம். பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றவேண்டியது எப்போது என்று அடுத்த கேள்வி. போன அறுப்புக்கே மாற்றியிருக்கவேண்டும் என்று இவர் தரையைப் பார்த்துச் சொன்னார். மாமா எழுந்து நின்றுகொண்டார்.

"அதுக்குக் குடுக்கவேண்டிய கூலி அந்த எண்ணெய். அதை நிறுத்தி வச்சிக்கிட்டு, டின்னுல இனாம் குடுக்குறானா? பண்ணையாரும் இதத்தாம்மா செஞ்சாரு. அரைப்படி நெல்லு கேட்டோம், தீவாளிக்கு ஆளுக்கொரு வேட்டி குடுத்து வாயடைக்கப் பாத்தாரு. கேளு உன் புருஷன, இவன் எப்ப பண்ணையாரானான்?"

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. அவசியமே இல்லை, இவர் முகம் சுண்டிப்போயிருந்தது. காலையில் மாற்றிவிடுகிறேன் என்று என்னிடம் முணுமுணுத்தார்.

காலையில் மாற்றினாரா? விடிந்ததும் விடியாததுமாக நாலு பேர் வந்து, முறை வைத்து விடுகிற தண்ணீர் நிற்கப் போகிறது, முதலில் என் வயல், உன் வயல் என்று பிடித்து இழுத்தார்கள். இவர் வண்டியில் ஏறிவிட்டார். நான் கஞ்சித் தூக்கோடு பின்னால் நடந்தேன். மதகடியை நெருங்கும்போது வண்டி சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன்.

மாமா துண்டை விரித்து வண்டிக்கு முன்னால் மல்லாந்து படுத்திருந்தார்.

நாற்று பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கரையேறி வந்தார்கள். மாமாவோடு அந்தக் காலத்தில் வேனில் ஏறிய கிழவர் ஒருவர், என்னப்பா மறுபடியும் மறியலா, எந்த ஊர் ஆளுங்களுக்குக் கூலி கேக்குற என்றார். இந்த ஆளுக்குத்தான் என்று மாமா படுத்தபடியே கையை நீட்டி டிராக்டரைக் காட்டினார். எண்ணெய் மாற்றாமல் வேலைக்குப் போகக்கூடாது, அதுதான் கோரிக்கை என்றார். கரையே சிரித்தது. எனக்கும் வந்த சிரிப்பில் தூக்கைக் கீழே வைக்கவேண்டியதாகிவிட்டது.

இவர் என்ஜினை அணைத்தார். இறங்கி வந்து அப்பாவின் தலைமாட்டில் குந்தினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பா, எந்திரிங்க. தண்ணி போயிடும். நாலு பேரு காத்துக்கெடக்குறாங்க."

மாமா வானத்தைப் பார்த்தார். நானும் பழக்கதோஷத்தில், என்ன சொல்லட்டும் என்று கேட்கிறதுக்கு ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டேன். மாமா மெதுவாகத் தலையைத் திருப்பி, பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தார்.

"கூலியக் குடுத்துட்டு வேல வாங்குடா."

அந்த 'டா'வைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. இவருக்கு வாய் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். சரிப்பா என்றார். எனக்கு அன்றோடு தூது வேலை போயிற்று. அவ்வளவு சந்தோஷமாக யாரும் வேலையை இழந்திருக்கமாட்டார்கள்.

சைக்கிளில் போய்ப் புது ஆயில் வாங்கி வந்தார். அதுவரைக்கும் மாமா வண்டிக்குக் காவல். மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார், அதைத் தொட்டதே அன்றைக்குத்தான். அடியில் நட்டைக் கழற்றியதும் பழைய எண்ணெய் என் அலுமினிய அன்னக்கூடைப் பாத்திரத்தில் கன்னங்கரேல் என்று இறங்கியது. மாமா விரலால் தொட்டு மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். டானிக் சுத்தப் பொய் இல்லை. புகையைக் கொஞ்சம் மறைக்கும், சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும். தேய்ந்ததை அது கட்டி எழுப்பாது. கோடையில் என்ஜினைப் பிரித்துப் பிஸ்டன் ரிங் மாற்றிய பிறகுதான் நீலப் புகை நின்றது. காலாகாலத்தில் ஆயில், தூசி இல்லாத ஃபில்டர், தினம் குச்சியை உருவிப் பார்க்கிற ஒரு ஆள், இவ்வளவுதான் அதற்கு ஆயுளைக் கூட்டியது. அந்த ஆள் மாமா. கூலி குடுத்தாச்சா என்று கேட்காமல் வண்டியை வாசல் தாண்ட விடமாட்டார். ஊரில் அதற்குச் சங்கத்து வண்டி என்றே பெயர் வந்துவிட்டது.

அன்றைக்கு விட்ட இடத்துக்கு வருகிறேன். புது ஆயில் ஊற்றி, இவர் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். முதலில் யார் வயலுக்கு என்று அந்த நாலு பேரும் மறுபடி ஆரம்பித்தார்கள். மாமா தரையில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"இந்தா கெடக்குதே நம்ம வயலு. இதத் தாண்டிக்கிட்டு எங்கடா போற?" என்றார்.

இவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். மாமா முன்னால் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் ஆட்டி, வா, வா, இன்னும் வா என்று அதைத் தன் வயலுக்குள் கூப்பிட்டார்.