கல்லின் குரலுக்குக் குறுக்கே

தொண்ணூறுகளில் ரொறன்ரோத் தமிழ் மேடைகளில் நான் வெல்லாத விவாதம் இல்லை. சூடாக்கினால் எண்ணெய் கசியும் பாறையை லேசர் கொண்டு ஆராய்ந்த என் தோழி சாந்தினியை, "கல் பேசுமென்று காத்திருக்கும் பேதை" என்று வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் எள்ளினேன்.

"வந்து கேட்டுப் பாரும்" என்றாள்.

ஆய்வுகூடத்தில் பாறைத் துண்டு சூடேறியது. லேசர் பட்டபோதெல்லாம் அது எழுப்பிய நுண்ணொலியை ஒலிவாங்கி பிடித்து, திரையில் வரைகோடாக்கியது. அந்த அற்பக் கல்லை நோக்கி, "அவையோரே!" என்று முழங்கினேன். வரைகோடு சிதறியது.

"ஐயோ! ஒருக்காச் சுட்டதைத் திரும்பச் சுடேலாது. உதுதான் கடைசித் துண்டு!"

மன்னிப்புக் கேட்டேன், கோடு மீண்டும் துள்ளியது.

"வாயை மூடும்!"

அன்று அக்கூடத்தில் சொல்வதற்கு ஏதேனும் இருந்தது கல்லுக்கு மட்டுமே.