மகாலட்சுமியின் கண் திறந்த கூலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். காகிதத்தை எடுப்பேன், பூஜை மாடத்தில் பெருமாள் படத்தைப் பார்ப்பேன், வெட்கமாக இருக்கும், மடித்து வைத்துவிடுவேன். பாக்கி வைத்தவரைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. வசூல் செய்தவனைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை.

நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. எழுத்து மட்டும் விடவில்லை.

ஒரு தை மாதம் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜவுளி முதலாளி புதுக்கடை போட்டார். மகா பக்திமான். நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், வாயில் எப்போதும் சாமி பெயர். அவர் கேட்டது, நடுவில் மகாலட்சுமி படம் போட்ட பெரிய தகரப் போர்டு.

"சாமானும் நீங்களே போட்டுடுங்க பெயிண்டரே. எல்லாம் சேர்த்து பதினஞ்சு ரூபா. ஒரே கையா வாங்கிக்கலாம்."

கையில் காசில்லை. என் மனைவி காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகு வைத்துத்தான் தகரமும் வர்ணமும் வாங்கினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமி படத்துக்குக் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவோம். வெற்றிலை பாக்கோடு கூலியைத் தட்டில் வைத்த பிறகுதான் கண் திறப்போம். பக்தி பாதி, ஜாக்கிரதை பாதி. திறப்பு விழா அன்று முதலாளி வெற்றிலை வைத்தார், பாக்கு வைத்தார், பழம்கூட வைத்தார்.

"முகூர்த்தம் தப்பிடப் போகுது பெயிண்டரே. முதல்ல தாயார் கண்ணைத் திறங்க. அவ பார்த்தாத்தானே கல்லாவுல காசு விழும்? விழுந்த கையோட எடுத்துத் தரேன்."

தாயார் பெயரைச் சொன்னதும் என் புத்தி கும்பிட்டு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். தேங்காய் உடைத்தார்கள், மாலை போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள். அரை நாழிகைக்கு முன்பு என் தகரமாக இருந்தது சாமியாகிவிட்டது.

அதன்பின் நான் நடந்த நடைக்குக் காவிரிப் பாலமே தேய்ந்திருக்க வேண்டும். காலையில் போனால், "இன்னும் போணியே ஆகலையே." மாலையில் போனால், "விளக்கு வச்சாச்சுங்களே, இனி காசு வெளிய போகலாமா?" செவ்வாய், வெள்ளி கொடுக்க மாட்டார். அஷ்டமி, நவமி ஆகாது. கரிநாள் வேறு. நான் பஞ்சாங்கம் பார்த்து ஒரு நல்ல புதன்கிழமை மத்தியானம் போய் நின்றேன். முதலாளி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார் என்றார்கள். தூங்குகிறவரை எழுப்புவது பாவம். எனக்கும் வெள்ளிக்கிழமை காசு கொடுக்கிற பழக்கம் கிடையாது என்பதால் எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை.

ஒருநாள் மனம் தாங்காமல், "அப்போ போர்டைக் கழட்டிக்கிறேனுங்க" என்றேன்.

"தாராளமா," என்றார் சிரித்துக்கொண்டே. "மாலை போட்ட தாயாரைத் தோள்ல தூக்கிக்கிட்டு பஜார்ல போக மனசு வந்தா, ஏணி நானே தரேன்."

மனசு வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும்.

ஆடி பிறந்தது. பதினெட்டாம் பெருக்குக்குள் மீட்காவிட்டால் தோடு மூழ்கிப்போகும் என்று அடகுக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். துளை தூர்ந்துவிடக் கூடாதென்று ஆறு மாதமாகக் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள் என் மனைவி. "அம்மா மண்டபத்துல காவேரிக்குப் படைக்கப் போறப்ப முக்காடு போட்டுக்கறேங்க, யாருக்குத் தெரியப் போகுது" என்றாள்.

பெருக்குக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் காலணாவுக்குக் கற்பூரம் வாங்கினேன். கடைக்குள் போகவில்லை. எதிரே தெருவில் நின்று, போர்டைப் பார்த்து ஏற்றினேன்.

"தாயே, உன் கண்ணைத் திறந்தவன் வந்திருக்கேன். கூலி பதினஞ்சு ரூபா ஆறு மாசமா பாக்கி. முதலாளிகிட்ட கேட்கலை, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உன்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். தாயார் உயரத்தில் இருந்தாள் அல்லவா.

சமயபுரம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணி எடுக்க வந்த ஒரு அம்மாள் கடைப்படியில் நின்றுவிட்டார். "என்னங்க அய்யா, கண்ணு திறந்த கூலியா?"

"ஆமாம்மா."

அந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏங்க முதலாளி, லட்சுமிக்கே கடன் சொல்லியிருக்கீங்க. உங்க துணியை எடுத்துக் கட்டினா எங்க ஆத்தா என்னைக் கேட்க மாட்டாளா?" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். பின்னால் வந்த இரண்டு பேரும் அவர் பின்னாலேயே போனார்கள்.

முதலாளி தாமே எழுந்து வந்தார். வெள்ளிக்கிழமை, போணி ஆகவில்லை, எதுவும் குறுக்கே வரவில்லை. கோயில் மகமை என்று நாலணாவைப் பிடித்துக்கொண்டு மீதியை என் கையில் எண்ணினார்.

"நாளு கிழமை பார்க்கலையாங்க?" என்று கேட்டேன்.

"தாயார் காரியத்துக்கு நாளேது பெயிண்டரே? கற்பூரத்தை அணைச்சுட்டுக் கிளம்புங்க."

அன்று மத்தியானமே தோட்டை மீட்டு வந்தேன். என் மனைவி குச்சியை எடுத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். நடந்ததைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, "அவகிட்ட கேட்டது சரிதாங்க. அவளுக்கு மெதுவாச் சொன்னாலும் காது கேட்குமே. சத்தம் யாருக்கு?" என்றாள். தாயாரை வசூலுக்கு அனுப்பியவன் நான்தானே.

இப்போது எழுதக் காரணம், போன மாதம் புத்தூர் போகும் பஸ்ஸில் இந்தக் கதையை என்னிடமே ஒருவர் சொன்னதுதான். படத்தில் கண் சிவந்ததாம். கனவில் வந்து மிரட்டினாளாம். கூலி நூறு ரூபாயாம். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் சந்தோஷம். ஆனால் நடந்தபடி சொல்லுங்கள். பதினைந்து ரூபாயில் நாலணா குறைவு. கண் சிவக்கவில்லை, அது நான் எழுதிய கறுப்பு மைதான். நான் தெருவில் நின்று ஊர் கேட்க வேண்டினேன் என்பதையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.