சிவப்புச் சணல் தீர்ந்த நாள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. நான் பெற்றது நாலு, என் தங்கை விட்டுப்போனது இரண்டு. ஆறு பேருக்கும் சோறு போட்டது ஆமணக்குக் கொட்டைதான். மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் எண்ணெய்க் கடையில் போன வருஷம் வரை வேலை பார்த்தேன். முன்னால் விற்பனை, பின்னால் மெஷின் செக்கு.

ஆமணக்கு சாதாரணப்பட்டதில்லை. வயிறு இளக வைத்தியர் கேட்பது விளக்கெண்ணெய். முழங்கால் வீங்கினால் இலையை வாட்டிக் கட்டுவோம். சோப்புக்காரர்கள் வாங்குவார்கள், களமசேரி கம்பெனியில் மெஷினுக்கு வாங்குவார்கள். உதட்டுச் சாயத்திலும் சேர்க்கிறார்களாம். சின்ன வயசில் மூக்கைப் பிடித்து ஊற்றினாலும் துப்பிய பெண்கள் அதைக் காசு கொடுத்து வாயில் பூசிக்கொள்கிறார்கள்.

ஆனால் அதன் புண்ணாக்கு விஷம். தென்னைக்கு அருமையான உரம், மாட்டுக்கு ஆகாது. எங்கள் கடையில் எள்ளுப் புண்ணாக்கும் உண்டு. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: ஆமணக்கு மூட்டையைச் சிவப்புச் சணலில் தைப்போம், எள்ளு மூட்டையை வெள்ளைச் சணலில். எனக்கு எழுத்து அவ்வளவு வராது, முதலாளிக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. சணல்தான் எங்களுக்குச் சீட்டு.

ஒரு சனிக்கிழமை கடைசி மூட்டைக்குச் சிவப்புச் சணல் தீர்ந்துவிட்டது. இரண்டு கடை தள்ளிப் போனால் கிடைக்கும். போகவில்லை. நமக்குத் தெரியாதா என்று வெள்ளையில் தைத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டுச் சாயா குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மூட்டையைக் காணோம்.

"இங்கே இருந்த மூட்டை எங்கே?"

"கும்பளங்கி தங்கம்மா வந்தா. எள்ளுப் புண்ணாக்கு கேட்டா, ஆட்டோல ஏத்திவிட்டேன். வெள்ளைச் சணல்தானே அக்கா?" என்றார் முதலாளி.

தங்கம்மாவுக்கு இருந்தது ஒரே பசு. அந்தப் பாலில்தான் அவள் வீடு ஓடியது.

அது ஆமணக்கு என்று சொன்னேன். முதலாளி திட்டக்கூட நிற்கவில்லை. போன் அடித்தார், அவள் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தார். இருந்த ஒரே ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தார். ஸ்கூட்டரில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தங்கம்மா தண்ணீரில் கரைத்த புண்ணாக்கு வாளியோடு தொழுவத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். பசு கழுத்தை நீட்டிவிட்டது. நான் ஓடிப்போய் வாளியை ஒரே உதையில் கவிழ்த்தேன்.

"ஆரடி இது, ஹெல்மெட் வச்ச கள்ளி?" என்று கத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றினேன். "ருக்கு அக்காவா? என்னக்கா, பிராந்து பிடிச்சுதா, புத்தி கெட்டுப்போச்சா?"

முதலாளி இதமாக ஆரம்பித்தார். "தங்கம்மா, சரக்குல ஒரு சின்ன மிஸ்டேக், மில்லுல இருந்து வரும்போதே..."

மில் என்று எதுவும் கிடையாது, எங்கள் செக்குதான். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் என் வேலையில் குற்றம் சொல்ல அதுவரை யாருக்கும் இடம் கொடுத்ததில்லை நான். இதை யார் தலையிலோ போட்டுவிட்டு மறுநாள் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"மில் இல்ல தங்கம்மா. தைச்சது நான். இது ஆமணக்குப் புண்ணாக்கு. சிவப்புச் சணல் வாங்கப் போக மடி, சோம்பேறித்தனம்."

அவள் பசுவிடம் திரும்பினாள். பசுவின் வாயைத் திறந்து பார்த்தாள். ஒரு துணுக்கு இல்லை.

"வாளியைக் கழுவு" என்றாள். மூன்று தடவை கழுவினேன். கொட்டியதை வழித்துத் தென்னைக்குப் போட்டேன். "பசுவுக்கு எதாவது ஆயிருந்தா, நாளைக்கு விடிகாலை உன்னைத்தான் அக்கா கறந்திருப்பேன்" என்றாள். முதலாளி திரும்பி நின்று சிரித்தார். அப்புறம் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "தை" என்றாள். எல்லார் முன்னாலும். நான் மறுபடி தைத்துக் கொடுத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே நடந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் மூட்டையைத் தொட்டாள், பிரிக்காமல் ஆட்டோவில் ஏற்றச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த மாதிரித் தூக்கம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அடையாளத்துக்கு வைத்த பொருள் தீர்ந்தால் வேலையை நிறுத்துங்கள். எனக்குத் தெரியும் என்பது அடையாளம் இல்லை, அது உங்களோடு சாயா குடிக்கப் போய்விடும்.

அம்மிணி, எழுதிட்டியா? பாட்டி மேல பாசத்துல எதையும் மாத்தலையே? தைச்சது நான்னு வருதில்ல, அந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமா வாசி.