கணப்புச் சட்டியும் மேற்குக் கதவும்

மதினி இறந்தபின் அவள் பிள்ளைகள் பாத்திரங்களைப் பங்கு வைத்தபோது, அத்தைக்கு என்ன வேண்டும் என்று என்னையும் கேட்டார்கள். நான் மூலையைக் காட்டினேன். அங்கே கரி போட்டுக் குளிர்காய்கிற பழைய இரும்புக் கணப்புச் சட்டி கிடந்தது. மூன்று கால், தூக்க வளைந்த ஒரு பிடி, காற்றுப் போகச் சுற்றிலும் ஏழு ஓட்டை. அண்டாவும் குத்துவிளக்கும் இருக்க இதைப் போய்க் கேட்கிறாளே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள் நான். அன்றும் காரணம் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் எப்படி இருக்குமோ தெரியாது. வாயில் வராதது கையிலாவது வருகிறதா பார்ப்போம்.

மதினி என் அண்ணன் பெண்டாட்டி. இலத்தூர்க்காரி. என்னைவிட நாலு வயதுதான் மூப்பு. எங்கள் அப்பா போனபிறகு நான் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து குற்றாலத்துக்கு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். எனக்கு அப்போது பதினேழு இருக்கும். ஜமீன்கள் ஒழிந்து சில வருஷம் ஆகியிருந்தது. மலையடியில் ஒரு ஜமீனுக்குச் சொந்தமான கல் பங்களாவுக்கு அண்ணன் காவல்காரன். சாரல் காலத்தில் வந்து தங்குவதற்கென்று அந்தக் காலத்தில் கட்டிய வீடு. இரண்டு முழம் கனத்தில் சுவர், மலையாளத்துத் தேக்கில் மாடிப்படி. ஜமீன் வீட்டார் வருவது குறைந்துபோய், பூட்டிக் கிடந்தால் வௌவால் அடையும் என்று, நாடகம் பாட்டு என்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரைப் பெரிய ஜமீன்தார் அங்கே குடியிருக்கச் சொல்லிவிட்டார். அவர்கள் எந்தக் கம்பெனியையும் சேர்ந்தவர்கள் இல்லை. தையிலும் மாசியிலும் கோயில் கொடை விழாக்களுக்குப் போய் ஆடுவார்கள். ஆனி ஆடியில் பங்களாவில் இருந்து புது நாடகம் கட்டுவார்கள். ஊரில் அதற்குக் கூத்தாடி பங்களா என்று பெயர். அவர்களுக்கு மதினிதான் பொங்கிப் போட்டாள்.

அந்த வீட்டுக்கு இரண்டே சட்டம். யார் எந்தச் சாதி, எந்த மதமானாலும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாடகம் பார்க்க எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் நாற்காலி கிடையாது, ஜமுக்காளம்தான். எங்கள் ஊரில் நான் பார்த்திராத இரண்டு காரியம். முதல் நாள் பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று ஆகிவிட்டது.

நான் வந்த பத்தாம் நாள் சாரல் பிடித்தது. சாரலைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது சொர்க்கம். மத்தளம் வைத்திருப்பவனுக்கும் வர்ணம் பூசுகிறவனுக்கும் அது பகை. மிருதங்கத் தோல் தொய்ந்து தொப்பென்று கேட்கும். ஆர்மோனியக் கட்டை அமுங்கினால் எழும்பாது. எழுதிய காகிதத்தில் மை ஊறும். பூசிய வர்ணம் நாலு நாளானாலும் விரலில் ஒட்டும். அடுக்களையில் என்னைப் பார்த்த மதினி இந்தக் கணப்புச் சட்டியில் கரியைக் கொட்டி ஊதிக் கையில் கொடுத்தாள்.

"தரையவே பாத்துக்கிட்டு நிக்காத ஏட்டி. இதத் தூக்கிட்டு ரூம் ரூமா போயிட்டு வா. நீ ஒண்ணும் பேச வேண்டாம், சட்டி பேசும்" என்றாள்.

அப்படித்தான் அந்த வீடு எனக்குத் திறந்தது. முன்கூடத்தில் ஜமீன்தார் சுட்ட மான்களின் கொம்புகள் வரிசையாக இருக்கும்; அதில் தம்புரா உறைகளைக் காயப் போட்டிருப்பார்கள். துப்பாக்கி அறைக்குள் நாடகம் எழுதுகிறவர் இருந்தார். தாளை ஒவ்வொன்றாக நீட்டுவார், நான் அப்பளம் வாட்டுவதுபோல வாட்டிக் கொடுப்பேன். மாடியில் ஆட்டக்கார அக்கா தேக்குப் பலகை அதிர அதிர அடவு போடுவாள்; கால் விறைத்துப்போனால் சட்டியோரம் வந்து பாதத்தைக் காட்டிவிட்டுப் போவாள். மிருதங்கக்காரர் மட்டும் என்னை நிலைப்படி தாண்ட விடமாட்டார். "அங்கனயே நில்லு தாயி. தோலு குளிர் காயணும், வெந்துரக் கூடாது" என்பார். எவ்வளவு தூரத்தில் நின்றால் எந்தத் தோலுக்கு எவ்வளவு சூடு என்பது ஒரு மாதத்தில் என் கைக்கு வந்துவிட்டது.

துரைமார் விருந்துக்கு வந்தால் குளிப்பதற்கென்று வைத்த பீங்கான் தொட்டியில் ஓவியர், முஸ்லிம் என்பதால் எங்கள் எல்லாருக்கும் பாய், வச்சிரப் பசை கரைத்து வர்ணம் கலப்பார். தென்காசிக்காரர், நெசவுக் குடும்பம். நாடகத்துக்குப் பின்னால் தொங்குகிற சீன் படுதாக்கள் எழுதுவது அவர் வேலை. மலை எழுதுவார், தெரு எழுதுவார், தென்காசி மொட்டைக் கோபுரத்தைக்கூட மழை மேகத்தோடு எழுதியிருந்தார். மனித உருவம் மட்டும் எழுதமாட்டார். ஆட்டக்கார அக்கா அதைச் சொல்லிக் கேலி செய்தால், "மனுஷங்கதான் நீங்க இருக்கீங்களே. நீங்க நிக்கதுக்கு நான் எடம் எழுதுதேன்" என்பார்.

மூன்றாம் வருஷம் பெரிய ஜமீன்தார் காலமானார். பங்களா மகன் கைக்கு வந்தது. சின்ன ஜமீன் என்போம். மதராசில் இருந்தவர். சீசனுக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜ் நடத்தலாம் என்று ஒருவர் அவரிடம் பங்களாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடியில் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகவும், நாடகம் ஒன்று போடுவீர்களாமே, அதையும் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே ரயிலுக்குத் திரும்ப வேண்டும் என்றும் அண்ணனுக்குக் கடிதம் வந்தது. இந்தக் கூட்டம் இங்கே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் பன்னிரண்டு பேரும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். ஒரே பந்தியில் சாப்பிடுகிற அந்தக் கூட்டத்துக்கு அந்த நாளில் வேறு யார் வீடு கொடுப்பார்கள்? அண்ணனுக்கு லாட்ஜிலும் காவல் வேலை கிடைத்திருக்கும். எனக்குத்தான் போவதற்கு இன்னொரு உலகம் இல்லை.

நாடகம், அரண்மனைக்குத் தேன் கொடுக்க மறுத்த ஒரு மலைக்காரியின் கதை. முதல் பாதி அரண்மனை, மறுபாதி மலை. பாய் இரண்டு மாதம் உழைத்து இரண்டு படுதா எழுதியிருந்தார். நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் எல்லாரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். பாய் மட்டும் மாடியில் படுத்திருந்தார். கூடத்தில் ஓடு ஒழுகிப் படுதாமேல் சொட்டியதை நான் பார்த்தேன். மாடியை நோக்கி ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஆம்பிளை தூங்குகிற இடத்தைப் பார்த்துக் கூப்பிடக் கூச்சம். நானே கயிற்றை அவிழ்த்து இறக்கினேன். பட்டுச் சேலையைச் சரிகை உள்ளே இருக்கும்படிதானே மடிப்போம்? அதுபோல, வர்ணத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று, ஒரு படுதாவின் முகத்தை இன்னொன்றின் முகத்தோடு சேர்த்து வைத்துச் சுருட்டி, சொட்டாத மூலையில் நிறுத்தினேன். பாதுகாத்துவிட்டோம் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

மறுநாள் விடிந்து பிரித்தபோது ஈர வச்சிரம் இரண்டையும் ஒட்டிவிட்டிருந்தது. இழுக்க இழுக்க அரண்மனைத் தூண் மலைமேல் வந்தது, அருவி பாதி சிம்மாசனத்தில் கிழிந்து நின்றது. நான்தான் செய்தேன் என்று எப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். பாய் துணியைத் தடவிக்கொண்டே, எதற்கு முகத்தோடு முகம் வைத்தாய் என்று மெதுவாகக் கேட்டார். பட்டுச் சேலை என்றேன். அவர் துணியிலிருந்து கையை எடுத்தார்.

"எங்க வீட்டுலயே என் துணிய யாரும் பட்டுன்னு சொன்னது கெடையாது. அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்று எழுந்து போய்விட்டார். அடித்திருந்தால் தேவலை.

அன்று காலையில் நான் சட்டியை எடுக்கவில்லை. மதினிதான் வந்து, நீ அழுதால் தோல் காயுமா என்று சட்டியைக் கையில் திணித்தாள். கூடத்துக்குப் போனேன். அங்கே மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக ஒரு கதவு உண்டு. பித்தளைக் குமிழ், யாளி, கொடி என்று இழைத்த தேக்கு. சாரல் காற்று நேரே அடிக்கும் என்று எந்தக் காலத்திலோ சாத்தியது. எல்லாரும் அதைச் சுவர் என்றே நினைத்து அதன்மேல் படுதா தொங்கவிடுவார்கள். தினமும் அந்த இடுக்கருகே போகும்போது என் சட்டியில் கரி தானாகக் கனலும். அன்றும் கனன்றது. குனிந்து இடுக்கு வழியே பார்த்தேன். முழு மலையும் அங்கே நின்றது.

ஓடிப்போய் மதினி காதில் சொன்னேன். போய் அவர்களிடம் சொல் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. "நான் சொன்னா சமையக்காரிக்கு என்ன தெரியும்பாங்க. நீ கெடுத்தவ. நீ சொல்லு, கேப்பாங்க" என்றாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துக் கூடத்தில் எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தான் மட்டும் திரும்பிப் போய்விட்டாள்.

செய்த தப்பை ஒப்புக்கொண்டதைத் தவிர்த்தால், அந்த வீட்டில் நான் எல்லார் முன்னும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "கதவச் சாத்துனா அரமண. தெறந்தா மல."

பாய்தான் முதலில் எழுந்தார். தாழ்ப்பாள் துருவேறி நகரவில்லை. சட்டியை அதன் அடியில் ஏந்திப் பிடித்துச் சூடேற்றினேன். மதினி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டாள். அண்ணன் அம்மிக் குழவியால் தட்டினான். அன்று முற்பகல் முழுக்கத் தட்டினான். கதவு அலறிக்கொண்டு திறந்தபோது மலை உள்ளே வந்துவிட்டதுபோல ஆட்டக்கார அக்கா ஓரடி பின்வாங்கினாள். பாய் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத நான் எழுதியிருந்தா இவ்வளவு பச்ச யாரு நம்புவாங்க" என்றார்.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு நாடகம். சின்ன ஜமீன் வந்து நாற்காலியைத் தேடினார். மதினி ஜமுக்காளத்தைத் தட்டி விரித்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்தார். முதல் பாதி முழுக்கச் சாத்திய கதவின் முன்னால் ராஜா வீற்றிருந்தார். மலைக்காரி, "உங்க தேன் இங்கன இல்ல ராசா, அங்கன இருக்கு" என்று திரும்பிக் கதவைத் தள்ளினாள். காற்றும் சாரலும் ஒன்றாக உள்ளே வந்தன. மலை பாதி மேகத்தில் இருந்தது. மீதிப் பாதியில் வெள்ளை நூலாய் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன ஜமீனின் சட்டை நனைந்தது. அவர் நகரவில்லை, நடுங்கினார். மதினி என்னைக் கிள்ளினாள். கூடியிருந்த ஊர்க்காரர் நூறு பேர் பார்க்க நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கையை நீட்டிக் குளிர் காய்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து மிருதங்கக்காரரும் மிருதங்கத்தை நீட்டினார்.

முடிந்ததும் இது யார் யோசனை என்று அவர் கேட்டார். "எங்க கணப்புக்காரி யோசன" என்றாள் மதினி, தன் சொந்த நகையைக் காட்டுவதுபோல. நான் அதற்குள் அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கிருந்தே அவர் அண்ணனிடம் சொன்னது கேட்டது.

"சின்னப் பிள்ளையிலேருந்து இந்த வீட்டுக்கு வாரேன். இந்தக் கதவு தெறக்கும்னு எனக்கே தெரியாது. லாட்ஜுக்காரர்ட்ட இல்லன்னு சொல்லிரு."

அதன்பிறகு பத்துச் சாரலுக்கு மேல் அந்த வீட்டில் நாடகம் நடந்தது. படுதா எழுதுவதைப் பாய் நிறுத்தவில்லை. ஆனால் ஆடி நாடகத்துக்கு மட்டும் எழுதமாட்டார். பிறகு ஒருவர் ரேடியோவுக்கு, ஒருவர் சினிமாவுக்கு, எனக்கும் ஆட்டக்கார அக்காவுக்கும் கல்யாணம் என்று கலைந்தோம். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. துரத்தி யாரும் போகவில்லை. அவரவர் நேரத்துக்குக் கிளம்பினோம்.

சட்டியை நான் ஏன் கேட்டேன் என்றால், என் பெட்டியின் அடியில் ஒரு நோட்டீஸ் இருக்கிறது. மறு வருஷ நாடகத்துக்குத் தென்காசியில் அச்சடித்த ரோஸ் தாள். கதை இன்னார், பாட்டு இன்னார், மிருதங்கம் இன்னார், சமையல் என்று மதினி பெயர். அதற்குக் கீழே 'கணப்பு' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த இரண்டு வரியையும் சேர்க்கச் சொன்னவர் பாய். வாங்கிவந்து, "வாசிச்சுக் காட்டு ஏட்டி" என்று மூன்று தடவை என்னை வாசிக்க வைத்தவள் மதினி. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பெயரை இங்கே எழுதவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்று காலையில் சாரல் பிடித்துவிட்டது. சட்டியில் கரி போட்டு ஊதியிருக்கிறேன். நோட்டீஸை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, நிலைப்படி தூரத்தில் நிற்கிறேன். தாள் குளிர் காய வேண்டும், வெந்துவிடக் கூடாது.